ஐந்தாவது ஆட்டத்துக்கு அம்மா ஆக்கிய சோறு

அம்மா மறைந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் எங்களோடு இருக்க வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். இந்த நினைவு மலரின் முன் பக்கங்களில் அம்மா தினமும் ஓதிய பதிகங்கள் இருக்கின்றன. நான் எழுதும் பக்கங்களில் பெரும்பாலும் ஐஸ் ஹொக்கி இருக்கிறது. அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இதை எழுதலாமா என்று நான்கு நாட்கள் யோசித்தேன். முடிவெடுக்க முடியாமல் அண்ணாவிடம் கேட்டேன்.

"அந்தியேட்டிப் புத்தகத்திலை ஹொக்கியோ? சனம் என்ன சொல்லும்?" என்றார் அண்ணா.

சோபாவில் சுவரைப் பார்த்தபடி இருந்த அப்பா திரும்பினார். "அவள் எழுதட்டும். உந்த ஹொக்கி மண்டபம் இல்லையெண்டால் நீயும் நானும் இப்பவும் கொழும்பு லொட்ஜிலை மூட்டைப்பூச்சி நசிச்சுக்கொண்டெல்லோ இருப்பம்."

அம்மா போன பிறகு அப்பா பேசிய முதல் நீளமான வசனம் அது. ஆகையால் எழுதுகிறேன்.

அம்மா வடமராட்சியில் ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். உயர்தரம் வரை படித்தார். கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளராக இருந்த அப்பாவை மணந்து, அண்ணாவையும் என்னையும் பெற்றார். போர் எங்களை வீட்டிலிருந்து கிளப்பி, இடம் இடமாக அலைத்துக் கடைசியில் கொழும்பில் கொண்டுவந்து விட்டது. ஒரு பெண்ணையும் மடியில் அடங்கக்கூடிய ஒரு பிள்ளையையும் மட்டும்தான் இப்போது அனுப்பலாம் என்று பயண முகவர் சொன்னார். மடியில் அடங்கும் பிள்ளை நான்தான். அண்ணாவுக்கு ஐந்து வயது, அடங்கவில்லை. அம்மா திரும்பிப் பார்க்காமல் போனார் என்று அப்பா சொல்வார். பார்த்திருந்தால் போயிருக்கமாட்டேன் என்று அம்மா சொல்வார். இந்த இரண்டு வசனங்களையும் எங்கள் வீட்டில் பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்கு ஒரு பிள்ளை பிறந்த பிறகுதான் அவற்றின் பாரம் விளங்கியது.

நோர்வேயில் வடக்கே ஒரு முகாமில் ஒரு குளிர்காலம் இருந்தோம். பிறகு ஒஸ்லோவில் ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியில் இரண்டு அறை வீடு கிடைத்தது. எங்களுக்கு மனிதாபிமான அடிப்படையில்தான் வதிவிட அனுமதி தந்திருந்தார்கள். அப்படி அனுமதி பெற்றவர் குடும்பத்தைக் கூப்பிடுவதானால் நிரந்தர வேலை இருப்பதற்கான கடிதம் காட்டவேண்டும். அம்மாவிடம் அது இல்லை. அப்பாவும் அண்ணாவும் லொட்ஜில் காத்திருந்தார்கள். கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் அண்ணா, "அம்மா, கடிதம் கிடைச்சிட்டுதோ?" என்று கேட்பார். வேறு எதையும் அவர் கேட்டதில்லையாம்.

அந்தக் காலத்தில் அம்மாவுக்குக் கிடைத்தது ஐஸ் ஹொக்கி மண்டபத்தைத் துப்புரவாக்கும் வேலை. அதுவும் விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாக, பருவம் முடியும்வரை மட்டும். பருவம் முடிந்தால் பனித்தளத்தை உருக்கிவிடுவார்கள், அன்றோடு வேலையும் முடியும். மண்டபத்துக்குப் பொறுப்பானவர் அம்மாவை விடப் பதினைந்து இருபது வயது மூத்த நோர்வேஜியர். இங்கே எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். மூத்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அம்மாவுக்கு வாய் வரவில்லை. மேலாளருக்கு நோர்வே மொழியில் உள்ள சொல்லால் "ஷெஃப்" என்று கூப்பிட்டார். நாளடைவில் மண்டபத்தில் எல்லோரும் அவரை அப்படியே கூப்பிட்டார்களாம்.

அந்த மண்டபத்து அணி சம்பளத்துக்கு விளையாடும் அணி. அந்த வருடம் நாட்டுக் கிண்ணத்துக்கான இறுதித் தொடருக்கு வந்திருந்தது. ஐந்து ஆட்டங்கள், மூன்றை முதலில் வெல்பவர்களுக்குக் கிண்ணம். அம்மாவுக்கு ஹொக்கி தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று: இவர்கள் வென்றுகொண்டிருக்கும்வரை பனி உருகாது. பனி உருகாதவரை ஷெஃப் மனம் வைத்து நிரந்தரக் கடிதம் தர ஒரு வழி இருக்கிறது.

முதல் இரண்டு ஆட்டங்களிலும் அணி தோற்றது. அடுத்த நாள் காலை அம்மா உடைமாற்றும் அறையைக் கூட்டப் போனபோது பயிற்சி முடிந்த ஆட்டக்காரர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாங்கில்களில் இருந்தார்கள். ஒருவர் முகத்திலும் சவரம் இல்லை. இரண்டு மூன்று கிழமையாகவே அம்மா அதைக் கவனித்து வந்திருந்தார். அன்று அவருக்கு எல்லாம் விளங்கியது. பின்னேரம் கீழ்வீட்டு அன்ரியிடம் போய்ச் சொன்னார். அன்ரி இப்போதும் அதே கீழ்வீட்டில்தான் இருக்கிறார். அன்றைய உரையாடலை அவர் நடித்துக் காட்டித்தான் எனக்குத் தெரியும்.

"அக்கா, அங்கை ஆரோ செத்துப் போச்சினம்."

"எங்கை?"

"மண்டபத்திலை. எல்லாரும் தாடி விட்டிருக்கினம். ஒருத்தரும் சிரிக்கினமில்லை."

"எல்லாருமோ? அப்ப நெருங்கின சாவாத்தான் இருக்கும். ஆராம்?"

"அதை எப்பிடி வாய்விட்டுக் கேக்கிறது?"

"நீர் கேக்கவேண்டாம். சோறு குடுக்க வேணுமெல்லோ. செத்தவீட்டிலை அடுப்பு மூட்டமாட்டினம்."

"இருபது பேருக்கு மேலை இருக்கினம் அக்கா."

"அதுக்கென்ன? என்ரை பெரிய பானையைக் கொண்டுபோம்."

எங்கள் ஊர் வழக்கம் இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக: இழவு வீட்டுக்கு அயலவர்தான் சமைத்துக் கொடுப்பார்கள். உரித்தான ஆண்கள் சவரம் செய்யமாட்டார்கள். அன்று ஆக்குகிற கறிக்குத் தாளிதம் இல்லை, பொரியல் இல்லை, தூளும் அதிகம் போடுவதில்லை. அம்மா அந்த முறை பிசகாமல் பச்சையரிசிச் சோறும் பருப்பும் பூசணிக்காய்ப் பால்கறியும் ஆக்கினார். மூன்றாவது ஆட்டத்தன்று காலை அந்தப் பானையை என்னுடைய பழைய தள்ளுவண்டியில் வைத்துக் கட்டினார். எனக்கு ஐந்து வயது. வண்டியில் சோறு போக, நான் பக்கத்தில் சேற்றுப் பனியில் நடந்தேன். எனக்கு அழுகை வந்தது நினைவிருக்கிறது.

அம்மா நோர்வே மொழி வகுப்பில் அனுதாபம் சொல்லும் சொல்லைப் படித்திருந்தார். அணித்தலைவருக்கு முன்னால் போய் நின்று, கையைப் பிடித்து, "கொண்டொலேரர்" என்றார். இரண்டு ஆட்டம் தோற்றதைத்தான் பகிடி பண்ணுகிறார் என்று அந்த ஆள் நினைத்துவிட்டார்.

"நாங்கள் இன்னும் சாகவில்லை!" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாராம். மற்றவர்களும் சிரித்தார்களாம்.

"பாவம், துக்கம் தலைக்கேறினால் சில பேர் சிரிப்பினம்" என்று அம்மா அன்ரியிடம் சொல்லியிருக்கிறார்.

அவர்கள் பானையை வழித்துச் சாப்பிட்டார்கள். தூள் இல்லாததால் அவர்களுக்கு உறைக்கவில்லை. அன்று இரவு வென்றார்கள். வெளியூரில் நடந்த நான்காவது ஆட்டத்துக்குப் புறப்படும் காலையில் அணித்தலைவர் அம்மாவைத் தேடி வந்து, அந்த மஞ்சள் கறி வேண்டும் என்றார். விளையாட்டுக்காரர்களின் நம்பிக்கை அப்படி. வென்ற அன்று போட்ட காலுறையைக்கூட அவர்கள் தோய்க்கமாட்டார்கள் என்று பிறகு அறிந்தோம். அம்மா அன்ரியோடு சேர்ந்து அவசரமாக ஆக்கிப் பேருந்தில் ஏற்றி அனுப்பினார். அதையும் வென்றார்கள். இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஆட்டம் எங்கள் மண்டபத்தில்.

அதற்கு முதல் நாள் அம்மா ஷெஃபின் மேசையைத் துடைக்கும்போது அங்கே ஒரு பத்திரிகை கிடந்தது. அதில் எதிரணியின் படம். அவர்களும் அத்தனை பேரும் தாடியோடு நின்றார்கள்.

"ரெண்டு ஊரிலையும் ஒரே நேரத்திலை சாவோ?" என்று அம்மா திகைத்துப்போனார். சுற்றி வளைத்து ஷெஃபிடம் விசாரித்தார். தொடர் முடியும்வரை சவரம் செய்வதில்லை, செய்தால் அதிர்ஷ்டம் போய்விடும் என்பது அவர்கள் வழக்கம் என்று அவர் சொன்னார். அம்மா கையில் துணியோடு கதிரையில் இருந்துவிட்டார்.

எங்களில் எவருக்கும் அம்மாவின் மனம் அப்போது என்ன பாடுபட்டிருக்கும் என்று தெரியும். உயிரோடு இருக்கிற, கலியாணம் கட்டாத இளம் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் செத்தவீட்டுச் சோறு கொடுத்திருக்கிறார். உண்மையைச் சொல்ல வெட்கம். சொல்லாமல் திரும்பவும் அதையே கொடுக்கப் பயம். வழமைபோல அவர்கள் மஞ்சள் கறியைத்தான் எதிர்பார்ப்பார்கள். அன்று இரவு முழுவதும் இரண்டு மனமாக இருந்திருக்கிறார். அந்தக் குணம்தான் எனக்கும் வந்திருக்கிறது. கடைசியில் தோஷத்தைக் கழிக்க முடிவெடுத்தார். நகரத்தில் எங்கள் சாமான் கிடைக்கும் குறொன்லாண்டுக் கடைகளுக்குப் போய் ஆட்டிறைச்சி வாங்கி, ஊர்த்தூள் போட்டுக் கறி காய்ச்சி, கத்தரிக்காய் பொரித்து, கடுகு தாளித்து, ஒரு மங்கல வீட்டுச் சாப்பாடு கொண்டுபோனார்.

அணித்தலைவர் மூடியைத் திறந்துவிட்டு, "மஞ்சள் எங்கே?" என்று கேட்டார்.

"இண்டைக்கு இதுதான் நல்லது" என்றார் அம்மா.

அவர்கள் மரியாதைக்காரப் பிள்ளைகள், சாப்பிட்டார்கள். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கதவோரம் நின்று ஆட்டத்தைப் பார்த்தார். முதல் இடைவேளையிலேயே கோல்காப்பாளர் மூன்று போத்தல் தண்ணீர் குடித்தார் என்று அம்மா சொல்வார். ஆட்டம் சமநிலையில் முடிந்து மேலதிக நேரத்துக்குப் போனது. அதில் யார் முதலில் கோல் போடுகிறார்களோ அவர்களுக்கே கிண்ணம். எதிரணி போட்டது. எங்கள் கதவடியால் அந்தப் பெரிய மனிதர்கள் அழுதுகொண்டு போனதை நான் கண்டேன்.

இரண்டு நாளில் பனியை உருக்கினார்கள். அம்மா தன் சப்பாத்துகளைப் பையில் வைத்துக்கொண்டு விடைபெறப் போனபோது ஷெஃப் ஒரு கடித உறையைக் கொடுத்தார். நிரந்தர வேலைக் கடிதம். ஒரு வருடத்துக்குள் அப்பாவும் அண்ணாவும் ஃபோர்னெபு விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அண்ணா அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு அப்பாவிடம், "இவவோ?" என்று கேட்டார். அம்மா நிலத்தில் முழந்தாளிட்டு, "ஓம் ராசா, இவதான்" என்றார்.

அந்த மண்டபத்தில் அம்மா இருபத்துநான்கு வருடம் வேலை செய்தார். அந்தச் சம்பளத்தில் நாங்கள் படித்தோம். கோயில் மடப்பள்ளியில் அவர் அரிந்த மரக்கறிக்குக் கணக்கில்லை. புதிதாக வந்த எத்தனையோ பெண்களுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். என் மகள் பிறந்தபோது, நான் பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பிப் பார்ப்பேன். "நான் பாக்கிறன், நீ படு பிள்ளை" என்று சொல்லி, மூன்று கிழமை எங்கள் வீட்டில் கதிரையில் இருந்தே தூங்கினார்.

அம்மா தன் வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கியதாக எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஒன்று கேட்டார்.

"பிள்ளை, உந்த ஷெஃப் இருக்கிறாரோ எண்டு ஒருக்கால் பார். இருந்தால் சொல்லு, நான்தான் கறியை மாத்தினனான் எண்டு. செத்தவீட்டுச் சோறு குடுத்ததும் நான், பிறகு உறைப்புக் குடுத்ததும் நான். எதாலை தோத்தவை எண்டு எனக்கு இண்டைவரைக்கும் விளங்கேல்லை. தோக்கப் பண்ணின எனக்கு அந்த மனுசன் கடிதத்தைத் தந்தவர். ஒரு சொல்லுச் சொல்லாமல் வந்திட்டன்."

"ஓம் அம்மா, பாக்கிறன்" என்றேன்.

நான் உடனே பார்க்கவில்லை. மகளுக்குக் காது வலியும் காய்ச்சலும் என்பது ஒரு காரணம். எண்பது தாண்டிய ஒரு நோர்வேஜியரிடம் முப்பது வருடத்துக்கு முந்திய கறியைப் பற்றி எப்படித் தொடங்குவது என்ற கூச்சம் மற்றக் காரணம். அந்த மனிதர் உயிரோடு இல்லையென்றால் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றும் பயந்தேன். ஒன்பது நாளில் அம்மா போய்விட்டார். இதை மறைத்து எழுதலாம் என்று யோசித்தேன். மறைக்காமல் எழுதுவதுதான் சரியென்று பட்டது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள் மண்டபத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். முகவரி தரமாட்டோம், உங்கள் இலக்கத்தைக் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். இரண்டு நாளில் ஒரு நடுங்கும் குரல் அம்மாவின் பெயரைச் சரியாக உச்சரித்தது. இருபதாம் நாள் அண்ணாவும் நானும் ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமுக்குப் போனோம். முதியோருக்கான சிறிய வீடு ஒன்றில் ஷெஃப் தனியாக இருந்தார். கோப்பி ஊற்றிவிட்டு அண்ணாவின் முகத்தைப் பார்த்தார்.

"இந்த வயதில் நீ எந்த அணிக்கு விளையாடுகிறாய்?"

"இல்லை, இது அம்மாவுக்காக" என்றார் அண்ணா. "எங்கள் வழக்கம். செத்தவீட்டில் ஆண்கள் முப்பத்தொரு நாள் சவரம் செய்யமாட்டோம்."

ஷெஃப் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பொறு. அப்படியென்றால் அவர் அன்று 'கொண்டொலேரர்' என்று சொன்னது..."

"ஓம். உண்மையாகத்தான் சொன்னவர்" என்றேன்.

"அந்த மஞ்சள் கறி?"

"செத்தவீட்டுச் சாப்பாடு."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும்வரை சிரித்தார். சிரிப்பு முடியட்டும் என்று காத்திருந்து நான் மிச்சத்தையும் சொன்னேன். பத்திரிகைப் படம், ஆட்டிறைச்சி, மூன்று போத்தல் தண்ணீர், முப்பது வருடமாக அம்மா சுமந்த எண்ணம். அவர் சிரிக்கவில்லை.

"கோல்காப்பாளன் எல்லா ஆட்டத்திலும் அவ்வளவு தண்ணீர் குடிப்பான்" என்றார். "அந்தக் கோல் எப்படி விழுந்தது தெரியுமா? வட்டு எங்கள் ஆளொருவனின் சறுக்குச் சப்பாத்தில் பட்டுத் திரும்பி உள்ளே போனது. சப்பாத்து கறி தின்பதில்லை. அதற்கு முந்திய வருடமும் நாங்கள் தோற்றோம். அப்போது ரொட்டியும் பழுப்புச் சீஸும்தான் தின்றோம். ஒருவரும் சீஸைக் குற்றம் சொல்லவில்லை."

"அப்படியானால் கடிதம்?" என்று அண்ணா கேட்டார். அதைக் கேட்டபோது அவர் எட்டு வயதுப் பிள்ளையைப்போல் இருந்தார்.

"கடிதத்தை நான் இறுதித் தொடருக்கு முன்பே எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். அங்கே ஒப்பமிட்டு வரத்தான் அவ்வளவு நாள் எடுத்தது. பார்வையாளர் இருக்கைகளுக்குக் கீழே படுத்து சூயிங்கம் சுரண்டிய ஒரே ஆள் உங்கள் அம்மா. நான் சொல்லி அல்ல. அப்படிப்பட்டவரை யார் விடுவார்கள்?"

திரும்பி வரும் ரயிலில் அண்ணாவும் நானும் எதிரெதிரே இருந்தோம். அம்மா கேட்ட அன்றே தேடிப் போயிருந்தால் என்று நான் நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். "நீ போனாய்தானே" என்று அண்ணா ஒருமுறை சொன்னார். அது ஆறுதலா என்று தெரியவில்லை. ஆனாலும் அவருக்கு நன்றி.

நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். அம்மாவின் தலைமாட்டில் இருந்து இரவிரவாகக் கையைப் பிடித்த தாதிமாருக்கு. செய்தி கேட்டு ஓடிவந்த மாமாமாருக்கும் மாமிமாருக்கும் கோயில் அன்பர்களுக்கும். எங்கள் அடுப்பு எரியாத எட்டு நாளும் மேலும் கீழும் படியேறிச் சோறு தந்த கீழ்வீட்டு அன்ரிக்கு. என் மகளைப் பார்த்துக்கொண்டு என்னை எழுதவிட்ட என் கணவருக்கு. தங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத எங்கள் அம்மாவின் கையால் உண்டு, பகிடியாகவேனும் அவரோடு சிரித்த அந்த ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும். கடிதம் எழுதிய ஷெஃபுக்கு அப்பா தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குக் காட்டவில்லை.

அம்மா, நீங்கள் கேட்டதைச் செய்தேன், பிந்திச் செய்தேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவையும் அண்ணாவையும் உங்களிடம் கொண்டுவந்தது உங்கள் கைவேலைதானாம். கிண்ணத்தைக் கொண்டுபோனது ஒரு சப்பாத்தாம். அவர்கள் தோற்றது உங்களால் அல்ல, அம்மா.